ஒரே சொல், நான்கு பொருள்: பல துறை மாணவர்கள் ஒரு மருத்துவமனை வரிசையை ஆராய்ந்த கதை

பின்னணி

ஒரு பல்கலைக்கழகத்தில் 14 வாரம் நடந்த ஒரு விருப்பப் பாடத்தின் பதிவு இது. மூன்றாம் ஆண்டு இளங்கலை மாணவர்கள் 24 பேர் சேர்ந்திருந்தார்கள். புள்ளியியல், கணினி அறிவியல், செவிலியம், இலக்கியம், பொருளியல், கட்டடக்கலை என்று பல துறைகளிலிருந்து வந்தவர்கள். நாலு பேருக்கு ஒரு குழு, மொத்தம் ஆறு குழு. ஒரு குழுவில் ஒரே துறையைச் சேர்ந்த இரண்டு பேர் இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் விதி. கற்பித்தவர்கள் இருவர்: கணிதத் துறையிலிருந்து நான், சமூகவியல் துறையிலிருந்து ஒரு பேராசிரியை.

பாடத்தின் நோக்கம், ஒரு துறைக்குள் அடங்காத சிக்கலைத் தீர்க்கப் பழக்குவது. வடிவமைப்பு, நகரத் திட்டமிடல் அறிஞர்களான ஹார்ஸ்ட் ரிட்டலும் மெல்வின் வெபரும் 1973இல் இப்படிப்பட்ட சிக்கல்களின் இயல்பை விரிவாக எழுதினார்கள். இவற்றை முழுசாக வரையறுத்து முடிக்க முடியாது, எங்கே நிறுத்துவது என்று சொல்லும் விதியும் கிடையாது, சிக்கலை எப்படிச் சொல்கிறோம் என்பதே எப்படிப்பட்ட தீர்வு வரும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது என்றார்கள். இதை நாங்கள் இருவரும் படித்திருந்தோம், முதல் வகுப்பில் மாணவர்களுக்கும் சொன்னோம். சொல்லிவிட்டதாலேயே அவர்களுக்கு விளங்கிவிடும் என்று நினைத்தோம்.

எடுத்துக்கொண்ட சிக்கல்: ஒரு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் நோயாளிகள் ஏன் இவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள், அதைக் குறைக்க என்ன செய்யலாம்? நிர்வாகம் அனுமதி கொடுத்தது. வாரத்தில் மூன்று காலை கூடத்தில் உட்காரலாம். யாரிடமும் பேசுவதற்கு முன் சம்மதம் கேட்க வேண்டும். பெயரையோ நோய் விவரத்தையோ குறிக்கக் கூடாது. பெயர் நீக்கிய டோக்கன் பதிவுகளை நிர்வாகமே கொடுத்தது. ஆறு குழுக்களுக்கும் ஒரே கேள்விதான், மருத்துவப் பிரிவு மட்டும் வேறு வேறு. இந்தப் பதிவு பெரும்பாலும் ஒரு குழுவையே பின்தொடர்கிறது. பாடத்தின் கோளாறு, நல்லது இரண்டும் அந்தக் குழுவில்தான் மிகத் தெளிவாகத் தெரிந்தன.

அந்தக் குழுவில் ஒரு புள்ளியியல் மாணவி, ஒரு கணினி மாணவர், ஒரு செவிலியர் மாணவி, ஒரு இலக்கிய மாணவர்.

முதல் நான்கு வாரம்: வேலையைப் பங்கு போட்டார்கள்

முதல் சந்திப்பிலேயே, பத்து நிமிடத்துக்குள், வேலை பிரிந்துவிட்டது. பதிவுகளை அலசுவது புள்ளியியல் மாணவி. செயலி வடிவமைப்பது கணினி மாணவர். 'மருத்துவப் பகுதி' செவிலியர் மாணவிக்கு. இலக்கிய மாணவருக்கு என்ன கொடுப்பது என்று யோசித்து, கடைசியில் அறிக்கையின் நடையைத் திருத்தும் வேலையைக் கொடுத்தார்கள். அவரும் சரி என்று வாங்கிக்கொண்டார்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சுறுசுறுப்பான குழு என்று குறித்துக்கொண்டேன். இரண்டாம் வாரம் புள்ளியியல் மாணவி, நோயாளி வரிசை நகர்வதைக் கணக்கால் காட்டும் ஒரு மாதிரியைக் கணினியில் ஓடவிட்டுக் காட்டியபோது வகுப்பு முன்னால் அதைப் பாராட்டினேன். என் துறை வேலை என்பதால் அதன் அழகு எனக்கு உடனே தெரிந்தது. மற்ற மூவரின் வேலையில் இருந்தது என் கண்ணில் படவில்லை. அந்தப் பாராட்டு குழுவுக்குள் என்ன செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான்காம் வாரம் ஆறு குழுக்களும் இடைக்கால அறிக்கை கொடுத்தன. ஆறும் ஒரே மாதிரி இருந்தன: நாலு பேர் தனித்தனியாக எழுதிய நாலு கட்டுரைகளுக்கு ஒரே அட்டை. பொருளியல் மாணவர் இருந்த குழு முன்பதிவுக் கட்டணத்தைப் பரிந்துரைத்தது. கட்டடக்கலை மாணவர் இருந்த குழு கூடத்தை மாற்றியமைக்கச் சொன்னது. நான் பின்தொடரும் குழுவின் (இனி 'எங்கள் குழு') பரிந்துரை ஒரு செயலி. யாருடைய குரல் பெரிதோ அவருடைய துறையின் தீர்வே குழுவின் தீர்வாக வந்திருந்தது.

எங்கள் குழுவின் அறிக்கையில் ஒரே ஒரு உரசல் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் 'சராசரிக் காத்திருப்பு 95 நிமிடம்'. பதினோராம் பக்கத்தில், இலக்கிய மாணவர் தாமாகவே சேர்த்த ஒரு பத்தியில், 'அதிகாலையிலிருந்து மதியம் வரை காத்திருக்கிறார்கள்'. குழுவில் யாரும் இதைக் கவனிக்கவில்லை. கவனித்தவர் என் சக பேராசிரியை.

ஐந்தாம் வாரம்: ஒரு சொல்லில் வந்த சண்டை

வகுப்பில் அந்த இரண்டு வரிகளையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதி, எது சரி என்று கேட்டார் அவர்.

புள்ளியியல் மாணவி தயங்காமல் சொன்னார்: "95 நிமிடம் பதிவிலிருந்து வந்தது, மேடம். அவர் எழுதியது ஒரு உணர்வு."

இலக்கிய மாணவர் தன் குறிப்பேட்டைத் திறந்தார். அவர் இரண்டு காலை அந்தக் கூடத்தில் உட்கார்ந்து வந்திருந்தார், யாரும் சொல்லாமலே. ஒரு மூதாட்டியின் காலைப்பொழுதை, அவர் சம்மதத்தோடு, நேரம் போட்டு எழுதி வைத்திருந்தார். 5:45க்கு வாசலில். 7:50க்குக் கையில் டோக்கன். 10:40க்கு மருத்துவர் முன்னால். பரிசோதனை எழுதிக் கொடுக்கிறார்கள். முடிவுத் தாளோடு திரும்பி வந்து, மறுபடி மருத்துவரைப் பார்த்து வெளியே வரும்போது மணி 12:15. ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தீர்கள் என்று கேட்டதற்கு, லேட்டாக வந்தால் டோக்கன் தீர்ந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்றாராம்.

கணினிப் பதிவில் அந்த மூதாட்டி எவ்வளவு நேரம் காத்திருந்தார்? டோக்கன் நேரத்திலிருந்து முதல் அழைப்பு வரை, 170 நிமிடம். குறிப்பேட்டின்படி ஆறரை மணி நேரம், 390 நிமிடம். இரண்டிலும் தவறில்லை. 'காத்திருப்பு' என்ற சொல்தான் இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் நின்றது.

புள்ளியியல் மாணவி அப்போதும் விடவில்லை. ஒருவரை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றார். நியாயமான வாதம்தான். சரி, உன் எண்ணை உன் துறையின் கருவியை வைத்தே சோதித்துப் பார் என்றேன். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி ஒன்று உண்டு: ஒரு அமைப்பில் சராசரியாக இருப்பவர் எண்ணிக்கை, வருகை வீதத்தையும் ஒருவர் உள்ளே இருக்கும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் வருவது. அந்தப் பிரிவில் நான்கு மருத்துவர்கள், ஒரு நோயாளிக்குச் சுமார் ஐந்து நிமிடம். அப்படியென்றால் மணிக்கு 48 பேர் நகர்கிறார்கள். வருகையும் அதே வீதம் என்று வைத்தால், 95 நிமிடக் காத்திருப்பு உண்மையானால் கூடத்தில் சராசரியாக 76 பேர் இருக்க வேண்டும்.

அடுத்த இரண்டு காலையும் புள்ளியியல் மாணவியே போய் அரை மணிக்கு ஒரு முறை தலைகளை எண்ணினார். சராசரி 160க்குப் பக்கத்தில் வந்தது. இரண்டு மடங்குக்கு மேல்.

திரும்பி வந்து அவர் கேட்ட கேள்விதான் இந்தப் பருவம் முழுக்க என் காதில் விழுந்தவற்றில் மிகச் சிறந்தது: "அங்கே இருக்கிற மிச்சப் பேர் யார், சார்?"

பதிலை வைத்திருந்தவர் செவிலியர் மாணவி. பாதிப் பேர் துணைக்கு வந்தவர்கள். மிச்சம், பரிசோதனை முடிவோடு திரும்பி வந்தவர்கள். அவர்களுக்குப் புது டோக்கன் கிடையாது. கதவருகே நின்று, இடையில் இடையில் உள்ளே அனுப்பப்படுவார்கள். பதிவில் அவர்கள் இல்லை. ஆனால் மருத்துவரின் நேரத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகிறது. வரிசை திடீர் திடீரென்று நிற்பதும், டோக்கன் எண் 60க்குப் பிறகு கால் மணி நேரம் 61 வராததும் இதனால்தான். தன் மருத்துவமனைப் பயிற்சிக் காலத்தில் இதைத் தினமும் பார்த்ததாகச் சொன்னார்.

இதை ஏன் முதல் வாரமே சொல்லவில்லை என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நீங்க ரெண்டாவது வாரம் அந்த மாதிரியைப் பாராட்டினீங்க சார். அதோட ஒப்பிட்டா இது சும்மா வேலை செய்யும்போது தெரியுற விஷயம்தானேன்னு நினைச்சேன்."

எடுத்த முடிவுகள்

அன்று மாலையே நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசினோம். இரண்டு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. மாணவர்களுக்கு அறிவுக் குறைவு இல்லை. தேவையான அறிவு முழுவதும் முதல் நாளே அந்த மேசையைச் சுற்றி இருந்தது. வேலையைப் பங்கு போட்டதால் அது ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. அடுத்தது, துறைகளுக்குள் ஒரு மேல் கீழ் இருக்கிறது, அதை நானே வகுப்பில் உறுதிப்படுத்தியிருக்கிறேன்.

மூன்று மாற்றம் செய்தோம்.

ஒன்று, இரண்டு வாரத்துக்குத் தீர்வு பற்றிய பேச்சை நிறுத்தினோம். அதற்குப் பதில் ஒவ்வொரு குழுவும் ஒரு சொல்பட்டியல் எழுத வேண்டும். தங்கள் அறிக்கையில் அடிக்கடி வரும் பத்துச் சொற்களை எடுத்து, ஒவ்வொன்றும் நால்வரின் துறையிலும் என்ன பொருள் தருகிறது, எதை அளக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று எழுத வேண்டும். எங்கள் குழுவின் பட்டியலில் 'காத்திருப்பு', 'நோயாளி', 'வருகை', 'முடிந்தது' நான்கும் சண்டைக்குப் பிறகே எழுதப்பட்டன. 'முடிந்தது' என்றால் கணினி மாணவருக்கு டோக்கன் மூடப்படுவது. செவிலியர் மாணவிக்கு நோயாளி மருந்தோடு வீட்டுக்குப் போவது.

அவர்கள் 'காத்திருப்பு' பற்றி எழுதும்போது என் சக பேராசிரியை டேவிட் மெய்ஸ்டர் 1985இல் எழுதியதை எடுத்துக்கொடுத்தார்: எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும், கையில் வேலை எதுவும் இல்லாத நேரமும் அப்படித்தான். புள்ளியியல் மாணவி 'உணர்வு' என்று ஒதுக்கியதும் ஆராயத் தக்க பொருள்தான் என்று அவருக்கு அப்போது பட்டது. டோக்கன் தீர்ந்துவிடும் என்ற பயம் மக்களை 5:45க்குக் கொண்டுவருகிறது என்றால், அந்த உணர்வே வருகை வீதத்தை மாற்றுகிறது.

இரண்டு, வாராவாரம் ஒவ்வொருவரும் வேறொருவரின் பகுதியை வகுப்பு முன்னால் விளக்க வேண்டும். சொந்தக்காரர் கேட்டுக்கொண்டிருந்து, கடைசியில் மட்டும் திருத்துவார். உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் தொடங்கிய புதிர்த்துண்டு வகுப்பு முறையில் ஒவ்வொருவரும் தன் துண்டை மற்றவருக்குக் கற்பிப்பார். எங்களுக்கு அதைத் திருப்பிப்போட்டுச் செய்வது பொருத்தமாக இருந்தது. தன் துறையைத் தானே விளக்கினால் மாணவர் கலைச்சொல்லுக்குள் ஒளிந்துகொள்கிறார். அடுத்தவர் துறையை விளக்கும்போது எது புரியவில்லை என்பது நின்ற இடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

மூன்று, மதிப்பெண் முறை. கூட்டு அறிக்கைக்கு இருந்த 60 மதிப்பெண்ணை 30 ஆக்கினோம். மீதி 30 தனி நேர்முகத்துக்கு. அதில் கேள்விகள் முழுவதும் மற்றவர்களின் பகுதியிலிருந்து வரும்.

இதோடு ஒரு பழைய பாடத்தையும் திருத்திச் சொன்னோம். முதல் வாரம் நான் 1854இல் லண்டன் பிராட் தெருவில் பரவிய காலராவைச் சொல்லியிருந்தேன். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறப்புகள் எங்கே நடந்தன என்று ஆராய்ந்து, கிணற்று நீரை இறைக்கும் ஒரு தெருக் குழாயைச் சுட்டிக்காட்டி, செப்டம்பர் 8ஆம் தேதி அதன் கைப்பிடி கழற்றப்பட்டு, பிறகு அவர் இறப்புகளை வரைபடத்தில் குறித்த கதை. ஒரு அறிவாளி ஒரு வரைபடத்தால் உலகத்தை வென்ற மாதிரிதான் சொல்லியிருந்தேன். ஆறாம் வாரம் என் சக பேராசிரியை அதே கதையை ஹென்றி வைட்ஹெட்டிலிருந்து தொடங்கினார். அவர் அந்தப் பகுதியின் இளம் பாதிரியார். ஸ்னோவின் கருத்தை நம்பாமல், அதை மறுப்பதற்காகவே வீடு வீடாகப் போனவர். மக்கள் அவரை அறிவார்கள், அதனால் பேசினார்கள். யார் எங்கே தண்ணீர் பிடித்தார்கள் என்று விசாரித்துக்கொண்டே போய், கடைசியில் தொடக்கத்தையே கண்டுபிடித்தார்: குழாய்க்குப் பக்கத்து வீட்டில் நோயுற்ற ஒரு கைக்குழந்தை, அதன் துணிகளைத் துவைத்த நீர் போய்ச் சேர்ந்த கழிவுக்குழி. அந்தக் குழியை ஆராய்ந்தபோது கிணற்றுக்குள் கசிவு இருந்தது தெரிந்தது. செவிலியர் மாணவி அந்த வகுப்பில் நிறையக் குறிப்பெடுத்தார்.

எதிர்ப்பு

மாற்றங்கள் எல்லோருக்கும் பிடிக்கவில்லை. பருவத்தின் நடுவில் மதிப்பெண் முறையை மாற்றுவது நியாயமா என்று மூன்று பேர் துறைத் தலைவரிடம் போனார்கள். அவர்கள் கேட்டது சரி. நாங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி, பழைய முறையில் கணக்கிட்டால் கூடுதல் வருபவருக்குப் பழைய முறையே பொருந்தும் என்று எழுதிக் கொடுத்தோம்.

கணினி மாணவரின் கோபம் வேறு மாதிரி. நான்கு வாரம் உழைத்து எழுதிய செயலி பாதியில் நிற்கிறது. "அப்புறம் நான் எதுக்கு இந்தக் குழுவில்?" என்று நேராகவே கேட்டார். இதற்கு எங்களிடம் தயாரான பதில் இல்லை. இலக்கிய மாணவர்தான் ஒரு வழி சொன்னார்: கூடத்தில் யார் எதற்காக நிற்கிறார்கள் என்று எண்ணுவதற்கு ஒரு சின்னக் கருவி செய்து தர முடியுமா? இரண்டு நாளில் கைப்பேசியில் நான்கு பொத்தான்கள் வந்தன: புதியவர், மறுவருகை, முடிவோடு வந்தவர், துணைக்கு வந்தவர். கடைசி அறிக்கையின் எல்லா எண்களும் அதிலிருந்தே வந்தன.

பலன்

எங்கள் குழுவின் இறுதிப் பரிந்துரைகள் இரண்டு. முடிவுத் தாளோடு வருபவர்களுக்குத் தனி மேசை, தனி நேரம். வாசலில் ஒரு பலகை: குறிப்பிட்ட நேரத்துக்குள் வரும் எல்லோருக்கும் டோக்கன் உண்டு, விடியுமுன் வரத் தேவையில்லை. செயலி பரிந்துரையில் இல்லை.

மருத்துவமனை இரண்டையும் முயன்று பார்த்தது. தனி மேசை ஒரு வாரம் நடந்தது. அந்த வாரம் கூடத்தின் சராசரி எண்ணிக்கை 160லிருந்து 130 ஆகக் குறைந்தது. ஆனால் அந்த வாரத்தில் ஒரு விடுமுறை நாளும் வந்தது, ஒரு வார எண்ணிக்கையை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. இதைப் புள்ளியியல் மாணவியே அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதினார். பிறகு மேசைக்கு ஒரு செவிலியரை ஒதுக்க முடியாததால் அது நின்றுபோனது. இப்படி ஆகலாம் என்று செவிலியர் மாணவி ஒன்பதாம் வாரமே எச்சரித்திருந்தார்; அதை அறிக்கையில் ஒரு வரியாக மட்டும் போட்டார்கள். பலகை இன்னும் இருக்கிறது.

மற்ற ஐந்து குழுக்களில் மூன்று நல்ல முன்னேற்றம் கண்டன. ஒன்று பரவாயில்லை. இன்னொன்று தோற்றது. அந்தக் குழுவில் எல்லோரும் நல்ல நண்பர்கள். சொல்பட்டியலை ஒரே மாலையில், ஒரு சண்டையும் இல்லாமல், நாலு அகராதி வரையறைகளாக எழுதி முடித்துவிட்டார்கள். கடைசி அறிக்கையும் முதல் அறிக்கையைப் போலவே, நாலு கட்டுரை ஒரு அட்டை என்று வந்தது. எப்போது தலையிட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

எங்களை மிகவும் யோசிக்கவைத்தது 13ஆம் வாரச் சோதனை. ஒரு மணி நேரத்தில் தனியாகத் தீர்க்க ஒரு புதுச் சிக்கல் கொடுத்தோம்: நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்கள் அலமாரிக்குப் போய்ச் சேரப் பல நாள் ஆகிறது, ஏன்? அடியில் இருந்தது அதே அமைப்புதான், பதிவில் வராத ஒரு திரும்பு வரிசை. விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே 'பதிவில் இல்லாதது என்ன' என்று கேட்டார்கள். பிறகு, மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னதும் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிடித்துக்கொண்டார்கள். உளவியலாளர்கள் மேரி கிக்கும் கீத் ஹோலியோக்கும் 1980இல் வெளியிட்ட சோதனைகளிலும் இதுவே நடந்தது. ஒரு கோட்டையைப் பல வழிகளில் சிறு படைகளாகச் சூழும் கதையைப் படித்தவர்களில் பலர், உடலுக்குள் இருக்கும் ஒரு கட்டியை அழிக்கும் வேறொரு சிக்கலில், அதைப் பல பக்கமிருந்து மெல்லிய கதிர்களால் தாக்கலாம் என்பதைத் தாமாகக் காணவில்லை. கதை உதவும் என்று குறிப்புக் கொடுத்த பிறகே பெரும்பாலோர் கண்டார்கள். ஒரு சிக்கலில் பெற்ற பார்வை தானாக அடுத்ததுக்குத் தாவுவதில்லை. 14 வாரத்தை ஒரே சிக்கலில் செலவழித்த எங்கள் திட்டத்தில் இது ஒரு ஓட்டை.

அடுத்த முறை மாற்றுவது

இரண்டு சிக்கல்கள் வைப்போம். மேலோட்டமாக வேறு வேறாக, அடியில் ஒத்தவையாக. முதலாவது எட்டு வாரம், அடுத்தது நான்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கே ஒரு வாரம்.

சொல்பட்டியலை முதல் வாரத்துக்குக் கொண்டுபோகலாமே என்று பலர் கேட்டார்கள். செய்ய மாட்டோம். தோற்ற குழு காட்டியது அதுதான்: உரசல் வருவதற்கு முன் எழுதும் பட்டியல் அகராதி ஆகிவிடும். டேனியல் ஷ்வார்ட்ஸும் ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் 1998இல் காட்டினார்கள்: முதலில் தாமே தரவுகளை அலசி வேறுபாடுகளைக் கண்டுகொண்ட மாணவர்களுக்கே பிறகு சொல்லும் விளக்கம் நன்றாக ஏறுகிறது. ஆனால் உரசலைத் தற்செயலுக்கு விடக் கூடாது. இந்த முறை 95 நிமிடமும் 'மதியம் வரை'யும் ஒரே அறிக்கையில் வந்தது அதிர்ஷ்டம். அடுத்த முறை மூன்றாம் வாரமே நால்வரும் சேர்ந்து ஒரே ஒரு எண்ணைத் தர வேண்டும்: ஒரு நோயாளி எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? எப்படி அளந்தோம் என்பதில் நால்வரும் கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் வாரம் எல்லோரும் கூடத்தில் ஒரு முழுக் காலை உட்கார வேண்டும், துறை எதுவானாலும். கணினி மாணவர் பிறகு சொன்னார், அந்தக் கூடத்தை அவர் முதன்முதலாகப் பார்த்தது ஏழாம் வாரம்தான் என்று. அதுவரை அவர் செயலி எழுதியது அவர் மனதில் இருந்த ஒரு கூடத்துக்கு.

மதிப்பெண் முறை முதல் நாளே அறிவிக்கப்படும். நடுவில் மாறாது.

கடைசியாக ஒன்று என்னைப் பற்றியது. முதல் ஐந்து வாரம் யாருடைய வேலையையும் வகுப்பு முன்னால் பாராட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். குழு வேலையைப் பிரித்துக்கொள்ளும் அந்த முதல் பத்து நிமிடத்தில், இதுவரை வாய் திறக்காதவர் யார் என்று பார்த்து அவர் பக்கத்தில் போய் உட்காருவேன்.